சராசரியை நம்பாத சின்னையன்

புற்றுநோயின் வரலாறு – 19

சென்ற வாரம் 2002-இல் நிறுத்தியிருந்தோம். பிலடெல்ஃபியாவில் கார்லோ குரோச்சேயின் குழு, ஒருவகை ரத்தப் புற்றுநோயில் அடிக்கடி அறுந்து காணாமல் போகும் 13-ஆம் குரோமோசோம் துண்டை அலசிக்கொண்டிருந்தது. புற்றை அடக்கிவைக்கும் ஏதோவொரு புரதத்தின் மரபணு அந்தத் துண்டில் இருந்திருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பலரும் தேடினார்கள். கடைசியில் அகப்பட்டவை புரதமே செய்யாத இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்கள்: மிர்-15, மிர்-16.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதைச் செல் முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும். அந்தப் படியைப் பார்த்துப் புரதம் செய்யும். மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான பகுதி 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதியை 1972-இல் சுசுமு ஓனோ குப்பை என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் குப்பையிலிருந்தும் ஆர்.என்.ஏ. வருகிறது, அது தொலைந்தால் நோய் வருகிறது என்பதைக் குரோச்சே காட்டிவிட்டார். ஆனால் அப்படிப்பட்ட ஆர்.என்.ஏ.க்கள் மொத்தம் எத்தனை, எந்தப் புற்றில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று கேட்டால் அன்றைக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் கணக்கை எடுக்க உட்கார்ந்த ஒருவரின் கதை இந்த வாரம்.

பெயர் அருள் சின்னையன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து, மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் ஒருசேர வாங்கி, அங்கேயே நோய்க்குறியியல் பேராசிரியர் ஆனவர். தமிழ்ப் பெயர் என்பதற்காக இந்தத் தொடரில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. புராஸ்டேட் புற்றுநோயின் வரலாற்றை எந்த மொழியில் யார் எழுதினாலும் அவரைத் தாண்டிப் போக முடியாது. பெயரைப் பார்த்ததும் ஒரு சின்னச் சந்தோஷம் வருவது தனிக் கதை. அதை மறைப்பானேன்?

சாகச் சொல்லும் சேதி

சின்னையன் முதலில் புற்றுநோய் ஆய்வாளர் அல்லர். 1990-களின் நடுவில் மிச்சிகனில் விஷ்வா தீட்சித் நடத்திய ஆய்வுக்கூடத்தில் அவர் மாணவர். அங்கே கேட்ட கேள்வி: செல் எப்படித் தற்கொலை செய்துகொள்கிறது?

நம் உடலில் நாளும் கோடிக்கணக்கான செல்கள் தாமாகவே சாகின்றன. செல்லின் மேற்பரப்பில் ஃபாஸ் என்றொரு புரதம் நிற்கும். வெளியிலிருந்து அதைத் தட்டினால் உள்ளே சாவு தொடங்கிவிடும். தட்டுவது தெரியும், சாவது தெரியும், நடுவில் சேதியை வாங்கிக்கொண்டு போவது யார் என்று தெரியாது. 1995-இல் ‘செல்’ ஆய்விதழில் அந்த இடைத்தரகரைச் சின்னையனும் தீட்சித்தும் அறிவித்தார்கள். ஃபேட் என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் வாலாக்கின் குழுவும் அதே புரதத்தைத் தனியாகக் கண்டுபிடித்து மோர்ட்-1 என்று வேறு பெயர் வைத்தது. நிலைத்தது ஃபேட்தான்.

மாணவராக இருக்கும்போதே இப்படியொரு கண்டுபிடிப்பு கையில் இருந்தால், பெரும்பாலானவர்கள் ஆயுள் முழுக்க அதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். 1999-இல் பட்டங்களை முடித்த கையோடு சின்னையன் துறையை மாற்றிக்கொண்டார். செல் சாவை விட்டார், புராஸ்டேட் சுரப்பியைப் பிடித்தார். ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டு போராடும் பழைய முறையையும் விட்டார். ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நாளில் அளக்கும் கருவி அப்போதுதான் வந்திருந்தது.

கண்ணாடியில் பத்தாயிரம் புள்ளி

அந்தக் கருவிக்கும் சில்லு என்றே பெயர். பினாங்கின் பாயான் பாருவில் குடியிருப்பவர்களுக்குச் சில்லு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. 1972-இல் பினாங்கு முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில் தொடங்கிய அந்த வட்டாரத்துக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் இன்டெல், ஏ.எம்.டி., எச்.பி. எல்லாம் உண்டு. ‘ஷிஃப்ட்’ முடித்து வரும் பேருந்துகளைப் பார்த்தே இங்கே ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்த எச்.பி.யிலிருந்து 1999-இல் அளவீட்டுக் கருவிப் பிரிவு தனியாகப் பிரிந்து அஜிலென்ட் ஆனது. பெயர்ப்பலகை மாறியதை நம் ஊரில் பலர் கண்ணால் பார்த்திருப்பார்கள். அதே அஜிலென்ட் பின்னர் உலக ஆய்வுக்கூடங்களுக்கு மரபணுச் சில்லு விற்ற பெரிய நிறுவனங்களில் ஒன்றாயிற்று.

சின்னையன் தொடங்கியபோது சில்லைக் கடையில் வாங்குவதைவிடச் சொந்தமாக அச்சடிப்பதே வழக்கம். நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் துண்டு ஒன்று. அதன்மேல் ரோபோ கை ஒன்று நுண்ணிய ஊசிகளால் சுமார் 10,000 புள்ளி வைக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மரபணுவின் துண்டு. புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்துச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள், நல்ல திசுவிலிருந்து எடுத்ததற்குப் பச்சை. இரண்டையும் கலந்து கண்ணாடியின்மேல் ஊற்றி, ஓரிரவு விட்டு, கழுவி, லேசரில் படம் பிடிப்பார்கள். சிவப்பாக எரியும் புள்ளி புற்றில் கூடுதலாக ஓடும் மரபணு. பச்சை, புற்றில் அடங்கிப்போனது. மஞ்சள் என்றால் இரண்டிலும் ஒன்றுபோல்.

2001 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் முதல் பெரிய கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சரவணா தனசேகரன். இன்னொரு தமிழ்ப் பெயர்! ஹெப்சின், பிம்-1 என்ற இரண்டு மரபணுக்களைப் புராஸ்டேட் புற்றின் அடையாளங்களாக அது முன்வைத்தது. அடுத்த ஆண்டு, மறுபடி ‘நேச்சர்’. இம்முறை முதல் ஆசிரியர் சூர்யநாராயண வரம்பள்ளி. சுரப்பிக்குள்ளேயே இருக்கும் புற்றைவிட உடம்பெங்கும் பரவிய புற்றில் இ.இசட்.எச்-2 என்ற புரதம் மிக அதிகம் என்று காட்டினார்கள். டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களின்மேல் முத்திரை குத்தி, அக்கம்பக்கத்து மரபணுக்களின் வாயை அடைப்பது அதன் வேலை. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், ஆறு ஆண்டு கழித்துத் திரும்ப வரும்.

பரவிய புற்றின் திசு எப்படிக் கிடைத்தது? இதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்ட பிறகு யாரும் அறுவை செய்வதில்லை. ஆகவே ஆய்வாளர் கைக்குத் திசு வராது. மிச்சிகனில் 1990-களிலேயே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். புராஸ்டேட் புற்று முற்றிய நோயாளிகள், உயிரோடு இருக்கும்போதே ஒப்புதல் கையெழுத்துப் போடுவார்கள். இறந்த சில மணி நேரத்துக்குள், இரவானாலும் விடுமுறையானாலும், உடல் வந்துசேரும். ஆர்.என்.ஏ. சிதையும் முன்பே ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாக எடுத்து உறையவைக்கப்படும். சில்லும் கணினியும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தக் கையெழுத்துகள் இல்லையென்றால் 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையே இல்லை.

நாலு நம்பர் அடித்தவர் யார்?

சில்லுகள் பெருகின. ஒவ்வொரு குழுவும் தன் அளவுகளை வெளியிட்டது. யாரும் அடுத்தவருடையதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னையனின் மாணவர் டேனியல் ரோட்ஸ் அத்தனையையும் திரட்டி ஒரே தளத்தில் வைத்தார். ஆன்கோமைன் என்று பெயர். 2004-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. எந்த மரபணு எந்தப் புற்றில் கூடுகிறது என்று உலகத்தில் எங்கிருந்தும் தட்டிப் பார்க்கலாம் என்றாயிற்று.

திரட்டியதைப் படிப்பதில்தான் சின்னையன் குழுவின் சாமர்த்தியம் வெளிப்பட்டது. எல்லாரும் சராசரி போட்டார்கள். நூறு கட்டிகளின் சராசரி, நூறு நல்ல திசுக்களின் சராசரி, வித்தியாசம் பெரிதாக இருந்தால் கண்டுபிடிப்பு. நூறு வீடுள்ள அடுக்குமாடி ஒன்றில் ஐந்து பேருக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்தால் அந்தக் கட்டடத்தின் சராசரி வருமானம் கொஞ்சம் ஏறும். பக்கத்துக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கதவு கதவாகத் தட்டிப் பார்த்தால்தான் அந்த ஐந்து பேர் அகப்படுவார்கள். ரோட்ஸும் ஸ்காட் டாம்லின்ஸும் செய்தது அதுதான். சராசரியைத் தள்ளிவைத்துவிட்டு, சில கட்டிகளில் மட்டும் எக்கச்சக்கமாக ஏறி நிற்கும் மரபணுக்களைத் தேடும் ஒரு கணக்கு முறையை எழுதினார்கள்.

மேலே வந்து நின்றவை இரண்டு: ஈ.ஆர்.ஜி., ஈ.டி.வி-1. ஈ.ஆர்.ஜி. ஏறிய கட்டியில் ஈ.டி.வி-1 ஏறவில்லை. ஈ.டி.வி-1 ஏறியதில் ஈ.ஆர்.ஜி. ஏறவில்லை. ஒன்று போதும், இன்னொன்று வேண்டாம் என்று கட்டி சொல்வதுபோல். ஆர்.என்.ஏ.வை நுனியிலிருந்து படித்துப் பார்த்தபோது தலை மாறியிருந்தது. ஈ.ஆர்.ஜி.யின் முன்பகுதி போய், அந்த இடத்தில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்-2 என்ற வேறொரு மரபணுவின் தலை ஒட்டியிருந்தது. அந்தத் தலை ஆண் ஹார்மோனின் சொல்படி ஆடுவது. ஹார்மோன் சுரக்கச் சுரக்க, தேவையில்லாத ஈ.ஆர்.ஜி.யும் ஓடிக்கொண்டே இருக்கும். (கோவிட் கிருமி நுரையீரல் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்துவதும் இதே டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்-2 புரதத்தைத்தான். 2020-இல் அந்தப் பெயரைச் செய்தித்தாளில் பார்த்தவர்களுக்கு இப்போது நினைவு வரும்.)

2005 அக்டோபர் 28-ஆம் நாள் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. பாஸ்டனில் மார்க் ரூபினின் குழுவும் கூட்டு. மரபணுக்கள் இப்படி ஒட்டிக்கொள்வது ரத்தப் புற்றிலும் சில அரிய வகைகளிலும்தான் நடக்கும், சாதாரணமாக வரும் திடக்கட்டிகளில் நடக்காது என்பது அதுவரை பாடம். ஏறக்குறைய பாதிப் புராஸ்டேட் புற்றுகளில் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் பாடத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

குட்டி ஆர்.என்.ஏ. ஒன்றின் திருட்டு

இ.இசட்.எச்-2 பரவிய புற்றில் ஏன் இவ்வளவு கூடுகிறது? 2002-இல் இதற்குப் பதில் இல்லை. 2008 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வரம்பள்ளியும் சின்னையனும் பதிலோடு வந்தார்கள். அங்கேதான் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ. சின்னையன் வாழ்க்கைக்குள் நுழைகிறது.

மிர்-101 என்று ஒரு குட்டி ஆர்.என்.ஏ. இருபத்துச் சொச்சம் எழுத்துதான் நீளம். நல்ல செல்லில் இது இ.இசட்.எச்-2 செய்வதற்கான படியின்மேல் ஒட்டிக்கொண்டு அந்தப் புரதத்தை அளவோடு வைத்திருக்கும். மனித டி.என்.ஏ.வில் இது இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, 1-ஆம் குரோமோசோமிலும் 9-ஆம் குரோமோசோமிலும். கட்டிகளில் அந்த இடங்கள் இருக்கின்றனவா என்று எண்ணினார்கள். சுரப்பிக்குள் அடங்கிய புற்று 16-இல் 6-இல், பரவிய புற்று 33-இல் 22-இல், ஓரிடமோ இரண்டிடமுமோ காணோம். காவல் போனது, இ.இசட்.எச்-2 ஏறியது, வாயடைக்கப்பட்ட மரபணுக்கள் பெருகின.

குரோச்சே தொடங்கியது ரத்தப் புற்றில். இங்கே திடக்கட்டியில், காரணத்திலிருந்து விளைவு வரை சங்கிலி அறுபடாமல் காட்டியிருந்தார்கள். என் பார்வையில் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ. பற்றிச் சின்னையன் குழு எழுதியவற்றில் இதுதான் மிகச் சுத்தமான கட்டுரை. எண்ணிக்கை சிறியது, வாதம் நேரானது.

குட்டிகள் இருக்கட்டும். ஆயிரக்கணக்கான எழுத்து நீளமுள்ள, புரதம் செய்யாத நெட்டை ஆர்.என்.ஏ.க்களும் உண்டு என்பது தெரிந்திருந்தது. புராஸ்டேட் துறைக்கு அது புதிதே அல்ல. நெதர்லாந்தின் நெய்மேகன் நகரக் குழுவும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவும் சேர்ந்து 1999-இலேயே பி.சி.ஏ-3 என்ற நெட்டை ஆர்.என்.ஏ.வைப் புராஸ்டேட் புற்றில் கண்டுபிடித்திருந்தன. மற்றவை எங்கே? சில்லில் தெரியாது. சில்லில் நாம் வைத்த புள்ளிதான் எரியும். பெயர் தெரியாத ஆர்.என்.ஏ.வுக்குப் புள்ளி வைப்பது எப்படி? கட்டியில் இருக்கும் ஆர்.என்.ஏ. அத்தனையையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் இயந்திரங்கள் வந்த பிறகே அந்தத் திரை விலகியது.

பாலைவனத்தில் 121

2011-இல் சின்னையனின் மாணவர் ஜான் பிரென்ஸ்னர் 102 புராஸ்டேட் திசுக்களையும் செல் வரிசைகளையும் அப்படிப் படித்தார். எந்தப் பட்டியலிலும் இல்லாத, புற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும் 121 ஆர்.என்.ஏ.க்கள் கிடைத்தன. பீகேட் என்று பெயரிட்டு எண் கொடுத்தார்கள். பீகேட்-1 கிடந்த இடம் 8-ஆம் குரோமோசோமில், மரபணுப் பாலைவனம் என்று சொல்லப்பட்ட வெட்டவெளி. அதே பகுதியில் சில எழுத்து மாறியிருக்கும் ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்று குடும்ப ஆய்வுகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. புரதம் எதுவும் இல்லாத இடத்தில் எழுத்து மாறினால் என்ன என்று குழம்பியவர்களுக்கு இது ஒரு துப்பு.

இரண்டு ஆண்டில் அடுத்தது. 2-ஆம் குரோமோசோமில் கிடைத்த ஒன்றுக்கு ஷ்லாப்-1 என்று பெயர். சுமார் கால்வாசிப் புராஸ்டேட் புற்றுகளில் இது ஏறியிருக்கும், ஏறியிருந்தால் நோய் வேகமாக முற்றும். 2014-இல் 1,008 நோயாளிகளின் திசுக்களை வைத்துப் பார்த்தபோதும் ஷ்லாப்-1 அதிகமானால் புற்று பரவும் ஆபத்து அதிகம் என்றே வந்தது. இந்தப் பகுதி கெட்டியாக நிற்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் சண்டை. ஸ்விஸ்னிஃப் என்று ஒரு புரதக் கூட்டம், டி.என்.ஏ.வின் சுருளைத் தளர்த்தி மரபணுக்களை ஓடவிடும். ஷ்லாப்-1 அந்தக் கூட்டத்தைப் பிடித்து டி.என்.ஏ.விலிருந்து நகர்த்திவிடுகிறது என்று 2013-இல் ‘நேச்சர் ஜெனெட்டிக்ஸ்’ இதழில் பிரென்ஸ்னர் எழுதினார். 2019-இல் அதே இதழில் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு பதில் எழுதியது: நாங்களும் பார்த்தோம், ஷ்லாப்-1 இருந்தாலும் ஸ்விஸ்னிஃப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஷ்லாப்-1 ஏறிய புற்று வேகமாகப் பரவுகிறது என்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. எப்படி என்பதில்தான்.

இந்தத் துறைக்கு இப்படிப்பட்ட சண்டை புதிதும் அல்ல. மலாட்-1 என்ற நெட்டை ஆர்.என்.ஏ. 2003-இல் நுரையீரல் புற்றில் கண்டுபிடிக்கப்பட்டுப் பெரும்பேர் வாங்கியது. 2012-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக அதை எலியிலிருந்து நீக்கிப் பார்த்தன. எலிகள் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தன. ஓர் ஆர்.என்.ஏ. நோயோடு கூடவே ஏறுகிறது என்பதை வைத்து அதுதான் நோயைச் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது என்ற எச்சரிக்கை அன்றிலிருந்து எல்லாருக்கும் உண்டு.

சின்னையன் நிற்கவில்லை. 2015-இல் வந்ததுதான் அவருடைய மாபெரும் கணக்கு. முதல் ஆசிரியர் மேத்யூ ஐயர். இருபத்தைந்து ஆய்வுகளிலிருந்து 7,256 மாதிரிகளின் ஆர்.என்.ஏ. தரவை ஒன்றுசேர்த்தார்கள். மொத்தம் 43 லட்சம் கோடி எழுத்துக்கு மேல். எண்ணி முடித்தபோது மனித செல்களில் ஓடும் மரபணுக்கள் 91,013 என்று வந்தது. அவற்றில் 58,648 புரதம் செய்யாத நெட்டை ஆர்.என்.ஏ.க்கள். அந்த 58,648-இல் ஐந்துக்கு நான்கு பங்கு, அதுவரை யாருமே பதிவு செய்யாதவை. ஏதாவதொரு புற்றோடோ ஓர் உறுப்போடோ தெளிவாக ஒட்டியிருப்பவை 7,942.

புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 என்பதோடு ஒப்பிட்டால் இந்த எண் தலைசுற்ற வைக்கும். இங்கே நான் கொஞ்சம் தயங்குகிறேன். செல் ஓர் இடத்தைப் படியெடுப்பதாலேயே அந்தப் படிக்கு வேலை இருக்கிறது என்று ஆகாது. சும்மா சிதறும் படிகளும் இருக்கும். 58,648-இல் எத்தனை உண்மையில் செல்லுக்குள் வேலை பார்க்கின்றன என்பது இன்றும் தீராத வழக்கு. சின்னையனின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: முதலில் எல்லாவற்றையும் அள்ளி எண்ணிவிடுவார், பிறகு ஒவ்வொன்றாக விசாரிப்பார். அள்ளுவது ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும். விசாரணை ஒரு தலைமுறை பிடிக்கும்.

விசாரணை நடக்காமலும் இல்லை. 2017-இல் தோர் என்ற ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொண்டார்கள். மனிதனிலும் வரிமீனிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பது, விந்தகத்தில் மட்டும் ஓடவேண்டியது, சில புற்றுகளில் எழுந்துவிடுகிறது. வரிமீனில் அதை நீக்கினால் தோல் புற்று குறைந்தது. 2018-இல் ஆண் ஹார்மோனால் தூண்டப்படும் ஆர்லிங்க்-1. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் சேதுராமசுந்தரம் பிச்சையா. 2019-இல் வளையமாக மூடிக்கொள்ளும் ஆர்.என்.ஏ.க்களை 2,000-க்கு மேற்பட்ட புற்று மாதிரிகளில் பட்டியலிட்டார்கள்.

எல்லாவற்றிலும் ருசியான திருப்பத்தைச் செய்தவர் பழைய மாணவர் பிரென்ஸ்னரே. மிச்சிகனை விட்டுப் பாஸ்டன் போனவர் 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புரதம் செய்யாதவை என்று முத்திரை குத்தப்பட்ட ஆர்.என்.ஏ.க்களில் சில, சிறுசிறு புரதங்களைச் செய்கின்றன, அவற்றில் சில இல்லாவிட்டால் புற்றுச் செல் பிழைக்காது என்றது அது. பத்தாண்டுக்கு முன் தாமே நிரப்பிய பெட்டியின் மேலிருந்த பெயர்ச்சீட்டைத் தாமே கிழித்துப் பார்த்தார். ஆசிரியரிடம் அவர் கற்ற முக்கியப் பாடம் அதுதான் போலிருக்கிறது.

ஒரு குப்பி சிறுநீர்

இதெல்லாம் நோயாளிக்கு என்ன தந்தது? ஐம்பது தாண்டிய ஆண் ஒருவர் பாயான் பாரு ஜாலான் தெங்ஙாவில் உள்ள பந்தாய் மருத்துவமனைக்கோ ஜார்ஜ்டவுன் பொது மருத்துவமனைக்கோ பரிசோதனைக்குப் போகிறார் என்று வையுங்கள். ரத்த அறிக்கையில் பி.எஸ்.ஏ. என்று ஒரு வரி இருக்கலாம். புராஸ்டேட் சுரப்பி விடும் புரதம் அது. புற்று வந்தாலும் ஏறும், வயதாகிச் சுரப்பி வீங்கினாலும் ஏறும், அழற்சி வந்தாலும் ஏறும். எண் ஏறினால் அடுத்தது பெரும்பாலும் ஊசி: சுரப்பியில் வழக்கமாகப் பன்னிரண்டு இடத்தில் குத்தித் திசு எடுப்பார்கள். வலி, ரத்தம், சிலருக்குத் தொற்று. குத்திய பிறகு ஒன்றுமில்லை, அல்லது சும்மா விட்டாலும் கெடுதல் செய்யாத சிறு புற்று என்று முடிவு வருவது ஏராளம்.

புரதம் செய்யாத ஆர்.என்.ஏ. கைகொடுத்தது இந்த இடத்தில்தான். பி.சி.ஏ-3-ஐச் சிறுநீரில் அளக்கும் சோதனைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012 பிப்ரவரியில் ஒப்புதல் தந்தது. மருத்துவர் விரலால் சுரப்பியை அழுத்திவிடுவார். அதற்குப் பிறகு வரும் முதல் சிறுநீரைக் குப்பியில் பிடிக்க வேண்டும். சுரப்பியிலிருந்து உதிர்ந்த செல்களின் ஆர்.என்.ஏ. அதில் இருக்கும். 2013-இல் சின்னையன் குழு, பி.எஸ்.ஏ.வோடு பி.சி.ஏ-3-ஐயும் தாங்கள் 2005-இல் கண்ட ஒட்டுமரபணுவையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகத் தரும் சோதனையை மிச்சிகனில் கொண்டுவந்தது. 2024-இல் அதன் அடுத்த வடிவம் ‘ஜாமா ஆன்காலஜி’யில் வெளியானது. இப்போது 18 மரபணுக்கள். பட்டியலில் பி.சி.ஏ-3 உண்டு, பீகேட் வரிசையில் 14-ஆவது உண்டு, ஷ்லாப்-1-உம் உண்டு. 743 ஆண்களிடம் சரிபார்த்தபோது, ஆபத்தான புற்றில் 95 விழுக்காட்டைத் தவறவிடாமலே, தேவையற்ற ஊசிகளில் 35 முதல் 42 விழுக்காட்டைத் தவிர்த்திருக்கலாம் என்று வந்தது.

ஷ்லாப்-1 ஸ்விஸ்னிஃபை நகர்த்துகிறதா இல்லையா என்ற வழக்கு இந்தச் சோதனைக்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அளந்தால் போதும். அடையாளம் காட்டுவதற்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. மருந்து செய்வதற்குத்தான் தெரிய வேண்டும். இந்த ஆர்.என்.ஏ.க்களைக் குறிவைக்கும் புராஸ்டேட் மருந்து எதுவும் இன்னும் மருந்தகத்துக்கு வரவில்லை.

மருந்துப் பக்கம் சின்னையன் வேறு வழியில் நடந்தார். 2022-இல் ‘நேச்சர்’ இதழில், ஸ்விஸ்னிஃப் கூட்டத்தின் இயந்திரப் பகுதியையே செல்லுக்குள் சிதைத்துவிடும் மூலக்கூறு ஒன்று எலிகளில் புராஸ்டேட் கட்டியை அடக்கியது என்று அவர் குழு காட்டியது. மூலக்கூறு வந்த இடம் பெங்களூரின் ஆரிஜீன் நிறுவனம்.

அதே 2022-இல் ஸ்வீடன் அரச அறிவியல் கழகம் அவருக்கு ஷோபெர்ய் பரிசைக் கொடுத்தது. மொத்தம் 10 லட்சம் அமெரிக்க டாலர், அதில் பெரும்பகுதி ஆய்வுக்கு. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைப் பாருங்கள்: 2005-ஆம் ஆண்டின் ஒட்டுமரபணுவுக்கு. 58,648-க்கு அல்ல. ஸ்டாக்ஹோம்காரர்கள் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒட்டுமரபணு தீர்ந்த கணக்கு. நெட்டை ஆர்.என்.ஏ.க்கள் இன்னும் பேரேட்டில் பற்று எழுதப்பட்டவை, வரவு வைக்கப்பட்டவை மூன்றோ நான்கோதான். இரண்டு ஆண்டு கழித்து, 2024-இல், அதே ஊரிலிருந்து விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் குட்டி ஆர்.என்.ஏ.வைக் கண்டதற்காக நோபல் போனது. அவர்கள் புழுவில் முதல் குட்டியைப் பார்த்தது 1993-இல். பதிவான ஒரு கண்டுபிடிப்புக்கு முப்பத்தோரு ஆண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் பீகேட்-1-க்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆர்.என்.ஏ.வை அளந்தாயிற்று, அதை வாயடைக்க வைக்கும் மருந்து எப்படி வந்தது? அதைச் செய்த வேதியியலாளர்களில் ஒருவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த முத்தையா மனோகரன். அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.